உதடு பார்த்தவன்

அலபாமாவில் எங்கள் ஊர்க் கோழி ஆலையில், கோழி வெட்டும் லைனில் நிற்பவர்கள் காதை நம்பிப் பேசிக்கொள்வதில்லை. காதில் நுரை அடைப்பான், அதற்கும் மேலே குளிரூட்டும் இயந்திரத்தின் இரைச்சல். அதனால் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். புதிதாக வருகிறவர்களுக்கு அது பிடிபட மூன்று மாதம் ஆகும். பிடிபட்டுவிட்டால் இருபதடி தள்ளி ஒருத்தி தன் மாமியாரைத் திட்டுவதுகூட வார்த்தை பிசகாமல் தெரியும். ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வந்ததில்லை.

டெல்மஸ் நெல்டாவைக் கல்யாணத்துக்குக் கேட்டதே அப்படித்தான். அவன் கோழியைக் கொக்கியில் மாட்டும் இடத்தில் நின்றான். அவள் எதிர் வரிசையில் தொடை எலும்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதை லைன் முழுக்கப் பார்த்துவிட்டது. அவள் மட்டும் கத்தியைக் கீழே வைத்து, உள்ளங்கையைக் காதோரம் குவித்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். மூன்று தடவை சொல்ல வைத்தாள். நான் அப்போது அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். சிரிப்பில் என் கோழி ஒன்று எலும்போடு போய்விட்டது, அதற்கு லைன் சூப்பர்வைசர் ராய்ஸிடம் திட்டு வாங்கினேன்.

ஈரச் சிமெண்டுத் தரையில் பதினாலு வருஷம் நின்றதில் நெல்டாவின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர்களுடைய டிரெய்லர் வீட்டுக்கு மூன்றே படி. அந்த மூன்றையும் அவள் உட்கார்ந்தபடி பின்பக்கமாகத்தான் ஏறுவாள். மூட்டு மாற்றிவிட்டால் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டெல்மஸின் ஆலை இன்சூரன்ஸ் இரண்டு தடவை முடியாது என்றது, மூன்றாம் தடவை சரி என்றது. நவம்பர் ஒன்பது, திங்கட்கிழமை காலை ஆறு மணி. பதினோரு மாதம் காத்திருந்து வாங்கிய தேதி.

டெல்மஸ் அப்போது லைனில் இல்லை. ஏழு வருஷமாகக் கத்தி அறையில் இருந்தான். லைனில் மழுங்கும் கத்திகள் அங்கேதான் போகும், அவன் தீட்டித் திருப்பித் தருவான். சின்ன அறை, சூடான அறை. அங்கே ஒரு ஸ்டூல் உண்டு. முந்நூறு பேர் நிற்கிற ஆலையில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். எனக்கு அப்போது லைனில் பதினெட்டு வருஷம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கியபடியே இருக்கும், வெந்நீரில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். டெல்மஸுக்கு அடுத்த பழைய ஆள் நான்தான்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். நெல்டா கட்டிக் கொடுத்த பிஸ்கட் ரொட்டியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தான்.

"கார் சாமான் ஃபேக்டரியில எடுத்துக்கிட்டாங்கப்பா. பதினாறாம் தேதி வரச் சொல்றாங்க."

"அங்க இன்சூரன்ஸு?"

"தொண்ணூறு நாள் கழிச்சுத்தான். அதான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். இங்க பதிமூணு வரைக்கும் வேலை. ஒம்பதுல நெல்டாவுக்கு ஆபரேஷன். கடைசி நாள் எந்த மாசமோ, அந்த மாசம் முடியற வரைக்கும் இன்சூரன்ஸ் ஓடும். ஆலை ரூல் புக்குல போட்டிருக்கான்."

"ராய்ஸ்கிட்ட எப்ப சொல்லப் போற?"

"நாளைக்கு வியாழன். நாளைக்குச் சொன்னாத்தான் ரெண்டு வாரம் முழுசா வரும். திங்கட்கிழமை சொன்னா பதினோரு நாள்தான். அது என்ன நோட்டீஸு, அரைகுறையா."

எங்கள் ஊரில் அது ஒரு மரியாதை. சட்டம் இல்லை, எழுத்து இல்லை. வேலையை விடுகிறவன் இரண்டு வாரம் முன்னால் சொல்லிக் கை கொடுத்துவிட்டுப் போவான். சொல்லாமல் போனவனைப் பற்றி சர்ச் விருந்தில்கூடப் பேச்சு வரும்.

அப்போது என் வாயில் ஒரு பெயர் வந்து நின்றது. வாண்டா. போன வருஷம் பொட்டலம் கட்டும் பக்கத்தில் இருந்தவள். காலை எட்டு மணிக்கு இரண்டு வார நோட்டீஸ் சொன்னாள், ஒன்பது மணிக்கே அவளை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். டெல்மஸ் அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தான். அவனுக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும்.

நான் அதைச் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் கிளம்பினால் ராய்ஸ் தன் மச்சானைக் கத்தி அறையில் உட்கார வைத்துவிடுவான். முறையாகச் சொல்லிவிட்டுப் போனால் அந்த இரண்டு வாரத்தில் எனக்குத் தீட்டக் கற்றுக்கொடுப்பான், எனக்காக ஒரு வார்த்தையும் சொல்வான். எனக்குச் சர்க்கரை வியாதி, ஊசி மருந்துக்கு வேலை வேண்டும் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் நினைத்தது அந்த ஸ்டூலைத்தான்.

"நாளைக்கே சொல்லிடு," என்றேன். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அதான் நானும் நெனச்சேன்."

மறுநாள் காலை இடைவேளைக்கு முன், குளிரூட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் ராய்ஸைப் பிடித்தான். நான் பன்னிரண்டு அடி தள்ளி லைனில் நின்றேன். இரண்டு பேர் முகமும் எனக்கு நேராக இருந்தன.

"பதிமூணு எனக்குக் கடைசி நாள், மிஸ்டர் ராய்ஸ்," என்றான் டெல்மஸ். "நடுவுல ஒம்பதாம் தேதி ஒரு நாள் லீவு வேணும். நெல்டாவுக்கு இடுப்பு ஆபரேஷன்."

"இடுப்பா? பெரிய செலவாச்சே அது."

"இன்சூரன்ஸ் இருக்கே."

"ஆமா," என்றான் ராய்ஸ். ஒரு நிமிஷம் தொட்டியைப் பார்த்தான். "இருக்குல்ல. சரி, ரெண்டு வாரம். முறையா வந்து சொன்ன பாரு, அதுக்கே சந்தோஷம்."

கை கொடுத்தான். டெல்மஸ் கையை விடாமல், "என் எடத்துக்கு ஹாலிஸைப் போடுங்க," என்றான். "பொறுமைசாலி. நான் கத்துக்குடுத்துட்டுப் போறேன்." ராய்ஸ் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கோழியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அக்டோபர் முப்பது. ஆபீஸ் பெண்கள் ஹாலோவீனுக்கு ஒரு நாள் முன்னதாகவே வேஷம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு மணிக்கு ராய்ஸ் என் தோளைத் தட்டி, ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஆபீஸுக்கு வரச் சொன்னான். வேலை முடிந்து போகிறவனோடு வாசல் வரைக்கும் யாராவது ஒருவர் போக வேண்டும், அது ஆலையின் விதி. அன்றைக்கு அந்த ஒருவன் நான்.

ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் பார்க்கிற மிஸ் கார்லீன் தலையில் பூனைக்காது வைத்த வளையம் மாட்டியிருந்தாள். கன்னத்தில் மையால் மூன்று மூன்று மீசைக் கோடு. டெல்மஸ் எதிரே நின்றான். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

"உங்க விலகலை ஏத்துக்கிட்டோம், மிஸ்டர் டெல்மஸ். இன்னைக்குத் தேதியில ஏத்துக்கிட்டோம்."

"நான் பதிமூணுன்னு சொன்னேனே, மேடம்."

"நீங்க சொன்னீங்க. நாங்க இன்னைக்குன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"மிஸ்டர் ராய்ஸ் கை குடுத்தாரு. ரெண்டு வாரம்னாரு."

ராய்ஸ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஏதாவது தப்பு பண்ணேனா? காரணத்தையாவது சொல்லுங்க."

"தப்பு ஒண்ணும் இல்ல," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, ஜலதோஷம் பிடித்த குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினாள். "காரணம்னு எதுவும் இல்ல. காரணம் வேண்டியதும் இல்ல. இன்சூரன்ஸ் நாளையோட முடியுது, அதுக்குத் தபால் வரும்." மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பூசணிக்காய் நிறைய மிட்டாய் இருந்தது. அதை அவன் பக்கம் நகர்த்தினாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

டெல்மஸ் எடுத்துக்கொண்டான். அது எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. நீட்டினால் வாங்கிக்கொள்வது அவன் பழக்கம். இரண்டு மிட்டாய் எடுத்து, நன்றி மேடம் என்றும் சொன்னான்.

கத்தி அறையில் அவனுடைய சொந்தச் சாணைக்கல், பிளாஸ்க், ஒரு ஸ்வெட்டர். அட்டைப்பெட்டியை நான் பிடித்துக்கொண்டேன், அவன் எடுத்து வைத்தான். கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு அதை ஸ்டூல்மேல் வைத்தான்.

"ஒனக்குத் தேவைப்படும்."

வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு, "நெல்டாகிட்ட எப்படிச் சொல்றது, ஹாலிஸ்?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மைதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் நூலகத்தில் காசு வாங்காமல் யோசனை சொல்கிற வக்கீல் அம்மா வருவார் என்று கேள்விப்பட்டு டெல்மஸ் என்னைக் கூப்பிட்டான். தனியாகப் போகக் கூச்சம். என் வண்டியிலேயே போனோம். குழந்தைகள் புத்தகப் பகுதியில், சின்ன நாற்காலிகளுக்கு நடுவே, அவர் ஒரு மடிக்கிற மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மிஸ் ப்ரூவர். வயசானவர், இருமல். டெல்மஸ் ஆலையின் விதிப் புத்தகத்தை நீட்டினான்.

"இதுல ரெண்டு வாரம் சொல்லணும்னு போட்டிருக்குங்க, மேடம்."

"நீங்க சொல்லணும்னுதான் போட்டிருக்கு. அவங்க வெச்சுக்கணும்னு போடல." முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இந்தப் புத்தகம் ஒப்பந்தம் இல்லன்னு போட்டு, கீழ உங்க கையெழுத்து. பாத்தீங்களா?"

"எல்லாரும் போட்டோம்."

"எல்லாரும்தான் போடறாங்க. மிஸ்டர் டெல்மஸ், இது அலபாமா. நல்ல காரணத்துக்கு அனுப்பலாம், கெட்ட காரணத்துக்கு அனுப்பலாம், காரணமே இல்லாமலும் அனுப்பலாம். செய்யக்கூடாத காரணம்னு கொஞ்சம் இருக்கு. தோல் நிறம், மதம், ஆணா பொண்ணா, வயசு, ஊனம், இப்படி. நீங்க கறுப்பரா இருக்கறதாலன்னு தோணுதா?"

"ராய்ஸும் கறுப்பர்தாங்க. எங்க சர்ச்சுல பெரியவர், டீக்கன்."

"கை குலுக்கினது?"

"குலுக்கினாரு."

"அது கோர்ட்ல நிக்காது." இருமினார். "இன்சூரன்ஸை நீங்களே முழுப் பணம் கட்டித் தொடரலாம். சட்டம் அதுக்கு இடம் குடுக்குது."

எவ்வளவு என்று டெல்மஸ் கேட்டான். சொன்னார். அது அவன் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி. அவன் சிரித்துவிட்டு, மன்னிச்சுக்குங்க மேடம் என்றான். வண்டிக் கடன்கூட இரண்டு தவணை பாக்கி இருந்தது அவனுக்கு.

எழுந்திருக்கப் போனோம். அப்போதுதான் அவர் கேட்டார். "ஆபரேஷன் விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?"

"ராய்ஸ்கிட்ட நானே சொன்னேன். பெரிய செலவாச்சேன்னு கூடச் சொன்னாரு."

அவர் பேனாவை எடுத்தார். "உக்காருங்க. உங்க ஆலை ஆஸ்பத்திரிச் செலவைத் தன் கைப்பணத்துலதான் குடுக்குது, இன்சூரன்ஸ் கம்பெனி பேப்பர் வேலை மட்டும்தான் பாக்குது. அந்தச் செலவைத் தவிர்க்கறதுக்காக ஆளை அனுப்பக்கூடாது. அது மத்திய அரசுச் சட்டம், அலபாமாவுலயும் செல்லும். ஆனா அவருக்குத் தெரியும்னு காட்டணும். அவர் தெரியாதும்பாரு. வேற யார் கேட்டாங்க?"

டெல்மஸ் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஹாலிஸ் எதுக்க நின்னான். இவன் உதடு பாத்தே புரிஞ்சுக்குவான், மேடம். நாங்க எல்லாரும் பாப்போம்."

"நல்லது. இவர் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும், நாளைக்கே லெட்டர் அனுப்பிடுவேன். பதிமூணு வரைக்கும் உங்களைக் கணக்குல வெச்சுக்கறது அவங்களுக்கு வழக்கைவிடச் சுலபம். ஒம்பதுக்கு முன்னாடி முடிஞ்சுடும்."

"எழுதினா என்னை அனுப்பிடுவாங்களா?" என்று நான் கேட்டேன்.

"சாட்சி சொன்னதுக்காக அனுப்பக்கூடாது. அதுவும் சட்டத்துக்கு விரோதம்."

"அதுக்காகன்னு சொல்ல மாட்டாங்களே, மேடம். காரணமே இல்லன்னுதானே சொல்வாங்க."

அவர் பேனாவை மூடிவைத்தார். பக்கத்தில் ஒரு பெண் தன் குழந்தைக்கு முயல் கதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வந்து எழுதித் தரேன்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஓவர்டைம் என்று சொன்னேன். ஓவர்டைம் இல்லை. ஆனால் மிஸ் ப்ரூவர் காத்திருக்காமல் ஆலைக்கு ஃபோன் செய்து, பார்த்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். பேர் சொல்லவில்லை. தொட்டிக்கு எதிரே நிற்பவன் யார் என்று கண்டுபிடிக்க ராய்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? புதன்கிழமை மிஸ் கார்லீன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். காதும் மீசையும் இல்லாமல் அவளை முதலில் அடையாளம் தெரியவில்லை.

"உக்காருங்க, மிஸ்டர் ஹாலிஸ். கால் வலிக்கும்."

உட்கார்ந்தேன்.

"உங்களை யாரும் எதுவும் சொல்லச் சொல்லல. ஒரே ஒரு விஷயம் மட்டும். அந்தத் தொட்டிகிட்ட ரொம்ப சத்தமா இருக்குமாமே? நான் அந்தப் பக்கம் வந்ததில்ல."

"சத்தமா இருக்கும், மேடம்."

"காதுல அடைப்பான் வேற."

"ஆமா."

"பன்னெண்டு அடில ரெண்டு பேர் பேசினா கேக்குமா?"

ராய்ஸ் கதவோரம் நின்றான். இருபத்தாறு வருஷம் லைனில் நின்று மேலே வந்தவன். அவனும் உதடு பார்ப்பான், எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பார்ப்பான். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்காது, மேடம்," என்றேன்.

அதை எழுதி, என் பக்கம் திருப்பினாள். காதில் எதுவும் விழவில்லை என்று இருந்தது. படித்தேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

எழுந்தபோது ராய்ஸ் கதவைத் திறந்துவிட்டான். "நாளையிலேர்ந்து கத்தி ரூமுக்குப் போயிடு. மச்சானைப் போடலாம்னு பாத்தேன், அவனுக்குப் பொறுமை பத்தாது."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து டெல்மஸ் வீட்டுக்கு ஃபோன் வந்தது. கம்ப்யூட்டரில் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது, இது உயிர் போகிற அவசரம் இல்லாத ஆபரேஷன், அதனால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்றார்கள். அந்த ராத்திரி அவன் எனக்கு ஃபோன் செய்தான். திட்டவில்லை.

"நீ எழுதலைன்னு வக்கீலம்மா சொன்னாங்க."

"சத்தத்துல சரியாத் தெரியலப்பா."

"ஓ," என்றான். "கல்லைத் தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும், எண்ணெய் விடாத. மறந்துட்டேன் சொல்ல." வைத்துவிட்டான்.

அவன் பதினாறாம் தேதி புது வேலைக்குப் போனான். டிசம்பரில் ஒரு காலை, படியில் பனி உறைந்திருந்தபோது, நெல்டா உட்கார்ந்தபடி இறங்கும்போதே சறுக்கி விழுந்தாள். தேய்ந்த இடுப்பு உடைந்தது. உடைந்து வருகிறவர்களை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப முடியாது. சேர்த்துக்கொண்டார்கள், இரும்புத் தகடு வைத்துத் தைத்து, ஆறாம் நாள் பில்லோடு அனுப்பினார்கள். இனி மூட்டு மாற்றி நடக்க வைப்பது கஷ்டம் என்றாராம் டாக்டர். சக்கர நாற்காலி படி ஏறாது என்று டெல்மஸ் சரிவாகப் பலகை அடித்தான். இதெல்லாம் சர்ச்சில் என் காதுபடப் பேசினார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை. என் பெஞ்சில் இப்போது இடம் நிறைய இருக்கிறது.

கத்தி நன்றாகத்தான் தீட்டுகிறேன். லைனிலிருந்து கத்தி கொண்டு வருகிறவர்கள் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். இப்போது சன்னல் வழியாகப் பார்க்கிறேன், அவர்கள் லைனுக்குத் திரும்பி, முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசுகிறார்கள். முகத்தைக் காட்டினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று.

போன சனிக்கிழமை மளிகைக் கடை வாசலில் வண்டிகள் நிற்கும் இடத்தில் டெல்மஸின் வண்டியைப் பார்த்தேன். அவன் கடைக்குள் இருந்தான் போல. நெல்டா முன்சீட்டில் இருந்தாள். கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு வரிசை வண்டிகள், நாற்பதடி இருக்கும். நான் தள்ளுவண்டியோடு நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"நல்லா உக்காந்துக்க, ஹாலிஸ்."

நான் கையைக் காதோரம் குவித்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் மறுபடி சொன்னாள், நிறுத்தி நிறுத்தி, லைனுக்குப் புதிதாக வந்தவனிடம் சொல்வதுபோல. நான் மறுபடி தலையை ஆட்டினேன். மூன்றாம் தடவையும் சொன்னாள். அப்போது டெல்மஸ் பையோடு வெளியே வந்தான். அவன் அவளைப் பார்த்தான், அவள் பார்க்கிற திசையில் என்னைப் பார்த்தான், என் காதோரம் இருந்த கையைப் பார்த்தான்.

நான் கையை இறக்கிக்கொண்டு கடைக்குள் போனேன்.